எழுதியவை நம் கையில் இருக்கட்டும்

நண்பர் ஒருவர் காலமான பிறகு, அவருடைய வீட்டார் எங்களிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தனர். ஏழு குறுவட்டுகளும் சில நெகிழ்வட்டுகளும் அதில் இருந்தன. பல ஆண்டுகளாக அவர் கணினியில் தட்டச்சு செய்து சேர்த்தவை எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன என்றார்கள். சிற்றிதழ்களில் வெளிவந்த கட்டுரைகள், வெளிவராத கட்டுரைகள், தம் ஊர்ப்பக்கத்து உழவுச் சொற்களைத் திரட்டி அவர் எழுதிவந்த சிறு அகராதி ஒன்று. “இலக்கியம் இலக்கியம் என்று திரிந்தீர்களே, இதற்கு ஏதாவது செய்யுங்கள்” என்று அவர் துணைவியார் சொன்னபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றே நாங்களும் நினைத்தோம். ஏழு மாதங்கள் ஆயின. முழுவதும் முடிந்தது என்று இன்றும் சொல்வதற்கில்லை.

கோப்புகளைத் திறந்தால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கணினியோடு பழகிய வாசகர்களுக்கு இதன் காரணம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சற்று விளக்குவோம்.

பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால், கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளையே. எம் வருகிற இடத்தில் ‘அ’ என்ற உருவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பாமினி ஒன்றுதான் என்றால் கவலையில்லை. தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தத்தமக்கு வசதியான ஒரு வரிசையை வைத்துக்கொண்டனர். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை அதைப் பயன்படுத்தும் வசதி நம் மேசைகளை எட்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் இணையத் தமிழர்கள் தமக்குள் பேசித் திஸ்கியை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் தம் வாழ்நாள் உழைப்பைப் பலவகைப் பூட்டுகளுக்குள் வைத்துவிட்டனர். எங்கள் நண்பரும் அவர்களில் ஒருவர்.

நிற்க. அந்தப் பையிலிருந்து என்ன மீண்டது, என்ன மீளவில்லை என்பதில்தான் நாம் சொல்லவந்த செய்தி இருக்கிறது.

பெரும்பகுதி எளிதாகவே மீண்டது. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி போன்ற கருவிகளைத் தமிழர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். ஒரு பெட்டியில் பழைய குறியீட்டை ஒட்டினால் மறு பெட்டியில் ஒருங்குறித் தமிழ் வந்துவிடும். அடுத்த பகுதி எந்த மாற்றிக்கும் பிடிபடவில்லை. அதை உருவாக்கிய நிறுவனம் இன்று இல்லை. அந்த மென்பொருளோ கணினியின் முதுகில் ஒரு பூட்டுக்கட்டையைச் செருகினால்தான் இயங்கும்; கட்டை எங்கே போயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நல்வேளையாக, அக்கோப்புகளில் ஒன்று ஒரு சிற்றிதழில் அச்சாகியிருந்தது. அச்சுப் பக்கத்தையும் கோப்பையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பட்டியலிட்டோம். எங்களில் இளையவர் ஒருவர், ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பை எடுத்து, அதில் எங்கள் பட்டியலைச் சேர்த்து ஓட்டினார். திரையில் நண்பரின் வாக்கியங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அப்போது எங்களில் யாரும் பேசவில்லை.

மூன்றாவது பகுதி பதினொரு கோப்புகள். இவை அதே மென்பொருளுக்கே உரிய மூடிய வடிவத்தில் சேமிக்கப்பட்டவை. எழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதே விளங்கவில்லை. அகராதியின் மகர வரிசை முதல் இறுதி வரை உள்ள பகுதி இந்தப் பதினொன்றில் இருக்கிறது.

இரண்டாம் பகுதியை மீட்டது எது? இலவசம் அன்று, திறந்திருந்தமை. மாற்றியின் மூலநிரல் திறந்திருந்ததால் எங்களுக்குத் தேவையானதை நாங்களே சேர்த்துக்கொள்ள முடிந்தது. யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கவில்லை.

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலை உடையதற்கும் ஒரே சொல்தான். அதனால் 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்த நாள்தொட்டு, தாம் பேசுவது விலையைப் பற்றி அல்ல, உரிமையைப் பற்றி என்று அவ்வியக்கத்தார் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு என்று நம் மொழியே பிரித்துத் தந்திருக்கிறது. விரும்பியவாறு பயன்படுத்தவும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். வாங்கும்போது காசு கேட்காதது இலவச மென்பொருள். இரண்டு சொற்களும் கையிலிருக்க, நாம் எல்லாவற்றையும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

வேறுபாடு எப்போது தெரியும்? கடை மூடப்படும்போது தெரியும். தமிழர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியது. கூகுள் ரீடர் 2013இல் நின்றது. படங்களை அடுக்கிவைக்கப் பலர் நம்பியிருந்த பிக்காசா 2016இல் கைவிடப்பட்டது. எல்லாம் இலவசமே. மூடுவது உரிமையாளரின் விருப்பம்; விருந்தாளிக்கு அதில் சொல்லுரிமை இல்லை. மாறாக, ஓப்பன் ஆபிஸைப் பாருங்கள். அதை வளர்த்துவந்த சன் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. எதிர்காலம் குறித்து ஐயுற்ற நிரலாளர்கள், அதே ஆண்டு செப்டம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரெ ஆபிஸ் என்ற பெயரில் தனிக்குடித்தனம் போயினர். பயனாளர் ஒருவரின் கோப்பும் கெடவில்லை. இன்றும் அது வளர்ந்து வருகிறது.

கட்டற்றது அல்லாத இலவசங்களை இகழ்வது நம் நோக்கமன்று. அழகியும் என்.எச்.எம். ரைட்டரும் இல்லாதிருந்தால் இணையத்தில் தமிழ் எழுதியிருக்கக்கூடியவர்களில் பாதிப்பேர் எழுதாமலே இருந்திருப்பர். அவற்றைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கட்டற்ற மென்பொருள்கள் குறையற்றவை என்றும் சொல்லமாட்டோம். லிப்ரெ ஆபிஸில் அழகாக அமைத்த பக்கம் வேர்டில் திறக்கும்போது கலைந்து நிற்பதை நாங்களும் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறோம். நாம் கேட்பது ஒன்றே: ஒரு மென்பொருளைக் கைக்கொள்ளும் முன் ‘இது இலவசமா?’ என்று மட்டும் கேளாமல், ‘நாளை இது இல்லாமற்போனால் நான் எழுதியது என்னிடம் இருக்குமா?’ என்றும் கேட்போம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். கணினி விற்றவரே ‘போட்டுக்கொடுத்த’ திருட்டு நகல்கள். தம் நூலின் பிடிஎஃப் திருட்டுத்தனமாகச் சுற்றுகிறது என்று கொதிக்கும் எழுத்தாளர், அந்தக் கொதிப்பைத் தட்டச்சு செய்வது திருட்டு நகலில். எழுதியவனுக்கு உரிமை உண்டு என்றால் நிரல் எழுதியவனுக்கும் உண்டு அல்லவா? காசு கொடுக்க இயலவில்லை என்பது நேர்மையான காரணம்தான். ஆனால் காசு கொடுக்காமல் நேர்மையாகவே பயன்படுத்தத்தக்க கருவிகள் இருக்கையில் அந்தக் காரணம் நிற்காது.

இனி, நண்பரின் பை எங்களுக்குக் கற்றுத்தந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம்.

1. ஒருங்குறியிலேயே எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் உடன்வருகிறது. தனியாக ஒன்று வேண்டுமெனில் கீமேன் இருக்கிறது. ஒரு காலத்தில் விலைக்கு விற்கப்பட்ட அது இன்று கட்டற்ற மென்பொருள். பாமினி விசைகளுக்குப் பழகிய விரல்கள் மாறத் தேவையில்லை. அதே விசைகளைத் தட்டி ஒருங்குறியில் எழுதும் வசதிகளும் உண்டு.

2. இரண்டு வடிவங்களில் சேமியுங்கள். லிப்ரெ ஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக இருக்கிறது. அதன் உள்ளமைப்பை எவரும் படித்தறியலாம். அத்துடன் ஒவ்வொரு படைப்பையும் வெறும் உரைக்கோப்பாகவும், யூடிஎஃப்-8 என்பதைத் தெரிவுசெய்து, சேமித்துவையுங்கள். தடித்த எழுத்தும் ஓரவெளியும் போய்விடும், சொற்கள் போகா. ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறப்பவருக்குச் சொற்களே போதும்.

3. பழைய கோப்புகளை இப்போதே மாற்றுங்கள். எந்த எழுத்துருவில் எழுதினீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்போதே செய்வது நல்லது. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். துணைக்காலும் ரகரமும் இடம்மாறி நிற்கும். ‘ஔ’ என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஔவையாரைத் தேடினால் கணினி ‘இல்லை’ என்று சொல்லிவிடும். மூலக்கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

4. அச்சில் மட்டும் உள்ளவற்றுக்கும் வழியுண்டு. டெசராக்ட் என்னும் எழுத்துணரி எச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. வருடிய பக்கத்திலிருந்து தமிழை எடுத்துக் கொடுக்கும். கட்டளை வரி அச்சுறுத்தினால் ஜிஇமேஜ்ரீடர் என்ற முகப்பை நிறுவிக்கொள்ளுங்கள். தெளிவான அச்சு என்றால் நன்றாகவே படிக்கிறது. மங்கிய பழுப்புத்தாள் என்றால் திருத்தும் வேலை உங்களுடையது.

5. படிப்பதற்கும் பிறவற்றுக்கும்: மின்நூல்களை அடுக்கவும் வடிவம் மாற்றவும் காலிபர், பொதிந்த கோப்புகளைப் பிரிக்க 7-சிப், இலக்கியக் கூட்டத்து ஒலிப்பதிவைத் திருத்த ஆடாசிட்டி, எந்த ஒலி, ஒளிக் கோப்பையும் ஓட்ட விஎல்சி. எதையும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே தரவிறக்குங்கள். தேடுபொறி முதலில் காட்டும் விளம்பரச் சுட்டியை நம்பி இறங்கி, வேண்டாத விருந்தாளிகளை வீட்டுக்குள் விட்டவர்கள் எங்களுள்ளும் உண்டு.

6. மூன்று படிகள் வைத்திருங்கள். ஒன்று கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறொரு வீட்டில் அல்லது இணையக் கிடங்கில். வேறு வீடு எதற்கு என்று கேட்பவர்கள் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பார்க்கவும். அன்று கணினியும் அதன் பக்கத்திலேயே இருந்த வன்தட்டும் ஒரே நீரில் மூழ்கின.

7. பழைய கணினியைத் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பல கணினிகள் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை மகிழ்ச்சியாக ஏற்கும். எழுதவும் படிக்கவும் அது போதும். நிறுவுவதற்கு முன், முந்தைய குறிப்பில் சொன்ன மூன்று படிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதுவும் பெரிய வித்தையன்று. ஓர் ஓய்வுநாள் போதும். ஆனாலும் நாம் செய்யமாட்டோம். புத்தகத்தைக் கரையான் அரிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கோப்பு அரிக்கப்படுவது தெரிவதில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்த உ.வே. சாமிநாதையரைப் பற்றி உருகிப் பேசுகிறோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதலாகத் தட்டச்சு செய்து உலகுக்குப் பொதுவில் வைத்திருப்பதையும் பாராட்டுகிறோம். நம் மேசை இழுப்பறையில் கிடக்கும் குறுவட்டு மட்டும் நமக்குச் சுவடியாகத் தோன்றுவதில்லை.

அகராதியின் மீண்ட பகுதியை அச்சிட்டு நண்பரின் துணைவியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பக்கங்களைப் புரட்டிக் கடைசித் தாளுக்கு வந்து, “பௌவோடு நின்றுவிட்டதே, மண்வெட்டி எங்கே?” என்று கேட்டார். உழவுச் சொல்லகராதியில் மண்வெட்டி இல்லை. பதினொரு கோப்புகளையும் மூன்று படிகளாக எடுத்து வைத்திருக்கிறோம். அந்த மூடிய வடிவத்தை என்றேனும் ஒருவர் அவிழ்க்கக்கூடும். அதுவரை எங்களிடம் அவருக்குச் சொல்ல விடையில்லை. உங்கள் வீட்டாருக்கு அப்படிக் கேட்கும் நிலை வராதிருக்கட்டும்.