அந்தக் கையும் அந்தக் காலும்



ஜூன் நெருங்குகிறது. போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி பூப்பாறை பக்கம் போய்வருகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் கேரளத்துப் பக்கம் மலைச் சாலையெல்லாம் ஒரே நீலமும் வெள்ளையும், மஞ்சளும் பச்சையும்தான். ஒரு கடை அர்ஜென்டினா என்றால் அடுத்த கடை பிரேசில். 2022-ல் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்கள். நெய்மர் ரசிகர்கள் 40 அடிக்குப் போனார்கள். ரொனால்டோ ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 50 அடி!

இந்தக் காய்ச்சல் மலையோடு நின்றுவிடுவதில்லை. காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம் இறங்கும்போது கூலியோடு இதையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். மூணாறில் தேயிலைத் தோட்ட அணிகள் மோதும் ஃபின்லே கேடயப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேர்! கிரிக்கெட்டே கதி என்று கிடக்கிற தமிழ்நாட்டில், பந்தைக் காலால் உதைப்பவனைக் கொண்டாடுகிற மூலைகளில் நம் மலையடிவாரமும் ஒன்று.

இந்த முறை ஒரு விசேஷம் உண்டு. 2026 உலகக் கோப்பை ஜூன் 11-ல் மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்தில் தொடங்குகிறது. அதே மைதானத்தில்தான் 1986 ஜூன் 22 அன்று, இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், டியாகோ மரடோனா அந்த இரண்டு கோல்களைப் போட்டார். நாற்பது வருடம் ஆகிவிட்டது. மரடோனா போய்ச் சேர்ந்தும் ஐந்து வருடம் தாண்டிவிட்டது. சண்டை மட்டும் ஓய்ந்தபாடில்லை.

போடியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். இரண்டு பையன்கள்.

“சின்னவன் பள்ளிக்கூடத்துல கையால பந்தைத் தட்டி கோல் போட்டுட்டு வந்திருக்கான் சார். கேட்டா, ‘மரடோனாவே அப்படித்தானம்மா அடிச்சாரு’ங்கிறான். அவங்கப்பா சிரிக்கிறாரு. பெரியவன், ‘ஏமாத்துக்காரன் படத்தைப் போயி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கீங்களே’ன்னு எகிர்றான். நான் யார் பக்கம் பேசுறது?”

நல்ல கேள்வி. உங்களில் பலர் வீட்டிலும் இது ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இந்தப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். மெக்சிகோவில் மதியம் 12 மணிக்கு ஆட்டம். நமக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை. (அன்றைக்கு நம் ஊரில் எத்தனை வீட்டில் டி.வி. இருந்தது? ‘நான் லைவ்வா பார்த்தேன்’ என்கிற பெரியவர்களை எண்ணினால், அன்றிருந்த டி.வி. பெட்டிகளைவிடப் பல மடங்கு தேறும். போகட்டும்.)

51-வது நிமிடம். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் உதைத்த பந்து தவறிப்போய், அவர்களுடைய கோல் பக்கமே மேலே எழும்புகிறது. கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன் ஆறடி ஆள். மரடோனா ஐந்தரை அடிக்கும் ஒரு இன்ச் குறைவு. இருவரும் எம்புகிறார்கள். தலைக்கு மேலே உயர்ந்த இடது கை முஷ்டி பந்தைத் தட்ட, பந்து உள்ளே போகிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொண்டாடிக்கொண்டே ஓடிய மரடோனா திரும்பிப் பார்க்கிறார். கூட ஆடியவர்கள் தயங்கி நிற்கிறார்கள். வந்து என்னைக் கட்டிப்பிடியுங்கள், இல்லாவிட்டால் நடுவர் கோல் கொடுக்கமாட்டார் என்று அவர்களை அழைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கை தட்டியது ஒரு நொடி, யோசிக்க நேரமில்லை என்று விட்டுவிடலாம். கட்டிப்பிடிக்கக் கூப்பிட்டது யோசித்துச் செய்ததுதானே?

சரியாக நாலு நிமிடம். 55-வது நிமிடத்தில், தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்குகிறார். சுமார் 60 மீட்டர் ஓட்டம். பதினொரு நொடிகூட ஆகவில்லை. பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக் என்று ஒவ்வொருவராகத் தாண்டிப்போகிறார். விரட்டிக்கொண்டு வந்த புட்சர் கடைசியில் காலை நீட்டிப் பார்க்கிறார். ஷில்டனும் விழுந்தாயிற்று. பந்து வலைக்குள். கால்பந்து பார்க்காதவர்களும் எழுந்து நிற்பார்கள். 2002-ல் ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் இதுதான் நூற்றாண்டின் சிறந்த கோல்.

ஆட்டம் 2-1. அர்ஜென்டினா அந்தக் கோப்பையையும் வென்றது.

இப்போது வீட்டுக்காரர் கட்சியைக் கேட்போம். “வெள்ளைக்காரனைத்தானே ஏமாத்தினாரு?” நம்மில் பாதிப் பேர் மனதில் இருப்பது இதுதான், ஒளிப்பானேன்? 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடந்த போரில் அர்ஜென்டினா இங்கிலாந்திடம் தோற்றிருந்தது. நாலே வருடத்தில் மைதானத்தில் திருப்பிக் கொடுத்தார் என்று அந்த நாடு கொண்டாடியது. வெள்ளைக்காரத் துரைமார் போட்ட எஸ்டேட் பாதைகளில் சுமை தூக்கிய தாத்தாக்களின் பேரன்மார்களுக்கு இது இனிக்காமல் இருக்குமா? எனக்கும் இனித்தது. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அதே கை இந்தியாவுக்கு எதிராக ஓங்கியிருந்தால் அந்தப் படம் சுவரில் இருக்குமா?

வீட்டுக்காரருடைய இன்னொரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. மரடோனாவை எப்படியெல்லாம் மிதித்தார்கள் தெரியுமா என்கிறார். உண்மைதான். 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் கிளாடியோ ஜென்டைல் ஒரே ஆட்டத்தில் அவர்மேல் 23 ஃபவுல் செய்தார். 1983-ல் பார்சிலோனாவுக்கு ஆடியபோது கொய்கோச்சியா என்பவரின் உதையில் கணுக்காலே உடைந்தது. கால்பந்து அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டது என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, இதையெல்லாம் செய்தவர்கள் யார்? அன்று கோல்வாயில் நின்ற ஷில்டனா? பக்கக்கோட்டில் கொடி பிடித்து நின்ற பல்கேரியர் போக்தான் தோச்செவா?

தோச்செவின் பெயரை நம் ரசிகர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அன்றைய லைன்ஸ்மேன். நடுவர் துனிசியாவின் அலி பின் நாசர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் கையைத் தூக்கவில்லை, கோல் ஆகிவிட்டது. இப்போது மாதிரி வீடியோ நடுவர் கிடையாது. அந்தக் கோலால் தன் வாழ்க்கையே குலைந்துபோனதாக தோச்செவ் பின்னாளில் புலம்பினார். 2017-ல் இறந்தும் போனார். ஏமாற்றியவருக்குக் கோப்பை கிடைத்தது, ஏமாந்தவர்களுக்குக் கெட்ட பெயர் கிடைத்தது. அந்த ஏமாந்தவர்கள் துரைமாரும் இல்லை, பிரபுக்களும் இல்லை. விசில் ஊதவும் கொடி பிடிக்கவும் வந்தவர்கள்.

பின் நாசரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டாவது கோலுக்கான அந்த ஓட்டத்தின்போது இங்கிலாந்து வீரர்கள் மரடோனாவை விழுத்தாட்டப் பார்த்தார்கள், விசில் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஊதியிருந்தால் ஒரு ஃப்ரீ கிக்கோடு முடிந்திருக்கும். முதல் கோலில் கண் தவறிய அதே மனிதர்தான் இரண்டாவது கோலுக்கு வழிவிட்டவர்! 2015-ல் மரடோனா துனிசியாவுக்குப் போனபோது அவரைத் தேடிப் போய்ப் பார்த்து, கையெழுத்திட்ட ஜெர்ஸி ஒன்றைக் கொடுத்தார். எனக்குப் பிடித்த மரடோனா கதைகளில் இது ஒன்று.

கையால் அடித்ததை மரடோனா தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஒப்புக்கொண்ட தொனியில் வருத்தத்தைவிடப் பெருமை கொஞ்சம் தூக்கல்.

பெரிய பையனுக்கும் சில வார்த்தை. தம்பி, ‘ஏமாத்துக்காரன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். 1984-ல் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் போனவர் அவர். இத்தாலியின் பணக்கார வடக்கு அந்தத் தெற்கு ஊரை ஏளனம் செய்துகொண்டிருந்த காலம். அதுவரை லீக் பட்டத்தையே பார்க்காத நாப்போலி அணிக்கு 1987-லும் 1990-லும் பட்டம் வாங்கிக்கொடுத்தார். ஒரு ஊரே தலை நிமிர்ந்தது. போதைப்பொருளால் 1991-ல் தடை, 1994 உலகக் கோப்பையில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி வெளியேற்றம், 1986-ல் பிறந்த மகனைப் பல வருடம் மகனென்று ஏற்காமல் இருந்தது, எல்லாம் நடந்ததுதான். அதற்காக அந்தப் பதினொரு நொடி ஓட்டம் பொய்யாகிவிடுமா?

இன்னொரு கதை இருக்கிறது. சின்னவனுக்குச் சொல்லவேண்டியது இதுதான். 2012 செப்டம்பரில் லாட்சியோ அணி நேப்பிள்ஸில் ஆடவந்தது. மரடோனா ஏழு வருடம் ஆடிய அதே மைதானம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, லாட்சியோவுக்கு ஆடிய ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசே கோல் போட்டார். நடுவரும் கோல் என்றுவிட்டார். நாப்போலி வீரர்கள் கையில் பட்டது என்று கத்துகிறார்கள். க்ளோசே நடுவரிடம் போய், ஆமாம், கையில்தான் பட்டது என்றார். கோல் ரத்து. எதிரணிக்காரர்கள் வந்து கைகொடுத்தார்கள்.

உண்மை பேசியதற்காக லாட்சியோ ஜெயித்ததா என்று கேட்காதீர்கள். 3-0 என்று உதை வாங்கியது. க்ளோசே ஒன்றும் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. 2014-ல் ஜெர்மனி கோப்பை வென்றபோது உலகக் கோப்பையில் 16 கோல் என்ற சாதனையோடு நின்றவர். 2020-ல் மரடோனா மறைந்ததும் அந்த நேப்பிள்ஸ் மைதானத்துக்கு மரடோனாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். வைக்கவேண்டியதுதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் க்ளோசேவுக்குப் பூப்பாறையில் ஒரு ஃபிளெக்ஸாவது பார்த்திருக்கிறீர்களா?

1986 காலிறுதியில் இங்கிலாந்துக்காக அந்த ஒரு கோலைப் போட்டவர் கேரி லினெக்கர். அந்த உலகக் கோப்பையில் அதிக கோல் போட்டவரும் அவர்தான், ஆறு கோல். ஆடிய காலம் முழுக்க ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காதவர். அவரை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒழுங்காக ஆடியவனை மறந்துவிட்டு, பிள்ளைகள் மட்டும் ஒழுங்காக ஆடவேண்டும் என்றால் எப்படி?

அந்த வாசகியிடம் அவர் தொழிலை வைத்தே கேட்டேன். எட்டு மில்லிமீட்டர் காய், நல்ல பச்சை, ஏலத்தில் மேல் விலைக்குப் போகிற சரக்கு விளைவிக்கிறவர் ஒருவர். ஒரே ஒரு லாட்டில் மட்டும் சாயம் ஏற்றிவிட்டார். என்ன செய்வீர்கள்? அம்மா யோசிக்கவே இல்லை. “சாயம் போட்டதைத் தனியா ஒதுக்கிடுவோம் சார். நல்ல காயை நல்ல காய்னுதான சொல்லணும்? ஆனா அடுத்த தடவை அவர் மூட்டை வந்தா கொஞ்சம் தேய்ச்சுத்தான் பார்ப்போம்.”

இதைவிட நான் என்ன சொல்லிவிடப்போகிறேன்? அப்பா கையை மறைக்கிறார், பெரியவன் காலை மறைக்கிறான். போனில் வருகிற ரீல்ஸும் அப்படித்தான். ஒன்றில் முஷ்டி மட்டும், இன்னொன்றில் ஓட்டம் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் உட்காரவைத்து, 51-வது நிமிடத்திலிருந்து 55 வரை வெட்டாமல் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சின்னவன் பள்ளிக்கூடத்தில் யாருக்கு எதிராகக் கோல் போட்டானோ, அந்தப் பையனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும். அப்பாவும் சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். சுவரில் இருக்கிற படத்தைக் கழற்றவேண்டியதில்லை. சாமி படத்திலிருந்து நாலு அடி தள்ளி மாட்டினால் போதும்.

2012 அக்டோபரில் மரடோனா கண்ணூருக்கு வந்தபோது மைதானமே திணறியது. நம் கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனும் அவரும் மேடையில் பந்து தட்டினார்கள். 2020 நவம்பர் 25 அன்று, 60 வயதில், அவர் இறந்த செய்தி வந்ததும் கேரள விளையாட்டுத் துறை இரண்டு நாள் துக்கம் அனுசரித்தது. மலைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பாசம். சண்டை போடுகிறவர்கள் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் வாய்விட்டுவிடாதீர்கள்!

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த முறை பல ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருகின்றன. ஜீப் ஓட்டுகிற தம்பிகளே, ராத்திரி முழுக்க மேட்ச் பார்த்துவிட்டு, கண் எரிச்சலோடு ஆளை ஏற்றிக்கொண்டு முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அர்ஜென்டினாவும் இல்லை, பிரேசிலும் இல்லை. மேட்ச் பார்க்கிற அன்றைக்கு மாற்று டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர்களே, நீங்களும் அந்த ஒரு மாதம் ஜீப் அரை மணி நேரம் முன்னே பின்னே வந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

மரடோனா பற்றி உங்கள் வீட்டுக் கட்சிகளை எழுதி அனுப்புங்கள். சுருக்கமாக, ஒரு பக்கத்துக்குள். ரொனால்டோ ரசிகர்கள் இடையில் புகுந்து அவர் பெருமை பேசவேண்டாம். அவருக்கு இன்னொரு இதழில் இடம் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்