மருத்துவச் செலவும் மஷ்வராவும்

“மருத்துவச் செலவைப் பற்றிப் பாமர மக்கள் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது? அது டாக்டர்களும் அதிகாரிகளும் அறிந்த விஷயம்” என்போர் நம்மிடையே பலர். “நோயும் அதன் செலவும் தக்தீர், பொறுத்துக்கொள்வதே ஈமான்” என்போர் சிலர். முன்னது அறிவின் பேரால் வரும் அலட்சியம். பின்னது மார்க்கத்தின் பேரால் வரும் சோம்பல். இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழியில், ஸர்க் என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிட்டியது. கலீஃபா தாமாக முடிவு கட்டிவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், பின் அன்ஸாரிகளை, பின் குறைஷி முதியோரை. திரும்புவதென முடிவானபோது, இது தக்தீரிலிருந்து ஓடுவதல்லவா என்று அபூ உபைதா (ரலி) நேருக்கு நேர் வினவினார்கள். திரும்புவதும் தக்தீருக்கு உட்பட்டதே என்பது கலீஃபாவின் விடை. அதன்பின்னரே, அவையில் இல்லாதிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, அம்முடிவுக்கேற்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். உரிய ஆதாரம் அவைக்கு வெளியே இருந்த ஒருவரிடம் இருந்தது! எல்லோரையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் செஞ்சியைப் பாருங்கள். இங்கே அரசு மருத்துவமனை உண்டு. பெருநோய் என்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுவை ஜிப்மருக்கோ செல்ல வேண்டும். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லையென்றாலும், பஸ் கட்டணம் யார் தருவார்? உடன் செல்பவரின் சோறு? இழந்த நாட்கூலி? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவுகிறது. கடையில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14இல் நூற்றுக்கு 64, 2021-22இல் 39. குறைந்தது மகிழ்ச்சியே. ஆயினும் நாட்கூலி இழப்பு இக்கணக்கில் ஏறுவதில்லை. அதை அறிந்தவள் வீட்டில் அஞ்சறைப் பெட்டியைத் துழாவும் தாய். அவளை எந்த நிபுணர் கேட்டார்?

கேட்பதற்கு வழி இல்லாமலில்லை. செஞ்சி பேரூராட்சி, ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகளில், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராம சபை உண்டு. 2019இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம், மாவட்டச் சுகாதாரப் பேரவைகளுக்கு வழிவகுத்தது. தாய்லாந்திலோ 2007இல் சட்டமே இயற்றி, 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவையைக் கூட்டுகிறார்கள். அங்கே அரசினரும் அறிஞரும் பொதுமக்களும் ஓரவையில் அமர்கின்றனர்.

இங்கே நாம் செய்வதென்ன? அதிகாரி அறிக்கை படிக்க, வந்தோர் கையெழுத்திட்டுக் கலைவது மஷ்வரா ஆகாது. அதையும் நம்மவர் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பம் நகையை விற்று, வீட்டை அடகு வைத்து ஓய்ந்தபின், ஜும்ஆ முடிந்ததும் துண்டை விரிக்கிறோம். ஸதகா சிறந்ததே, ஆனால் வீடு எரிந்தபின் குடம் தூக்குவது மட்டுமா ஜமாஅத்தின் கடமை?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவின் மருத்துவச் செலவுக் கணக்கை, பெண்களையும் கேட்டு, எழுதட்டும். எந்த மருந்து இல்லையென்று வெளியே வாங்கினோம்? எந்தச் சோதனைக்காக எவ்வளவு தொலைவு அலைந்தோம்? கணக்கோடு கிராம சபைக்கும் மாவட்டப் பேரவைக்கும் செல்வோம். தனித்தல்ல, அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவ சகோதரரோடு சேர்ந்து. தேசிங்கின் கதையில் மகபத்கானையும் சேர்த்துப் பாடும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சல் மதம் கேட்டு வருவதில்லை.

திருமறையின் 42ஆம் அத்தியாயத்துக்கு ‘ஷூரா’ என்றே பெயர். அதை ஓதும் சமுதாயம் ஆலோசனை அவையில் ஊமையாய் இருப்பது தகுமா? சிந்திப்போமாக!