சந்திரோதயத்துக்கு ஒரு வரி

தமிழ்நாட்டில் தினசரிக் காலண்டர் தொங்காத வீடு அநேகமாக இல்லை. அதன் சிறு தாளில் திதியும் நட்சத்திரமும் இன்ன மணி இன்ன நிமிஷம் வரை என்று கண்டிருக்கின்றன. இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், அதற்குரிய பரிகாரம் ஆகியவையும் இருக்கின்றன. அன்றைக்குச் சந்திராஷ்டமம் யாருக்கு என்ற எச்சரிக்கையும் தவறாமல் இருக்கிறது. திதி என்பது சூரியனை விட்டுச் சந்திரன் விலகியிருக்கும் தூரத்தின் அளவு. நட்சத்திரம் என்பது அன்று அது தங்கியிருக்கும் இடம். சந்திராஷ்டமம் அதன் சஞ்சாரத்தைக் கொண்டே சொல்லப்படுவது. இவ்வாறு பாதிக்கு மேல் சந்திரனைப் பற்றியே பேசுகிற ஒரு தாளில், அந்தச் சந்திரன் அன்று எத்தனை மணிக்கு உதிக்கும், எத்தனை மணிக்கு மறையும் என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் அச்சாவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. காலண்டர் வெளியிடுவோரும் பத்திரிகை ஆசிரியர்களும் அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்றும், பள்ளிக்கூடங்கள் தம் பிள்ளைகளை ஒரு மாதமாவது நிலாவைக் கண்ணால் பார்க்கச் செய்ய வேண்டும் என்றும் விண்ணப்பித்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சந்திரோதயக் கணக்கு சாமானியருக்கு எட்டாதது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையில் 30 திதி. ஆகவே ஒரு திதி நகர்ந்தால் சந்திரனுடைய உதயமும் அஸ்தமனமும் 2 நாழிகை, அதாவது 48 நிமிஷம், பின்னால் தள்ளிப் போகும். அமாவாசையன்று அது சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைவதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வளர்பிறை அட்டமியில் நண்பகலில் உதித்து, விளக்கு வைக்கும் வேளையில் உச்சியில் நின்று, நள்ளிரவில் அஸ்தமிக்கிறது. பௌர்ணமியில் சூரியன் மேற்கே இறங்கும்போது கிழக்கே எழுந்து இரவு முழுவதும் உடனிருக்கிறது. தேய்பிறை அட்டமியிலோ நள்ளிரவில் உதித்து மறுநாள் நண்பகல் வரை வானத்தில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஒரு புறம் சூரியன் அடங்குவதையும் மறு புறம் சந்திரன் எழுவதையும் ஒருசேரக் காண ஜனங்கள் திரளாகக் கூடுகிறார்கள், நல்ல காரியந்தான். ஆனால் அதே காட்சி பௌர்ணமிதோறும், கிழக்கும் மேற்கும் மறைப்பில்லாத எந்த ஏரிக்கரையிலும் கிடைக்கக்கூடியது என்பதைச் சொல்வார் இல்லை.

சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கும் பெண்மணிகளைக் கேட்டால் இந்த ஒரு வரியின் அருமை தெரியும். பகலெல்லாம் உபவாசமிருந்து, பிள்ளையாரைத் தரிசித்து, சந்திரனைக் கண்ட பின்னரே உணவு கொள்வது என்பது நியமம். பௌர்ணமி கழிந்து நான்காம் திதியாகையால், நாலிரண்டு எட்டு நாழிகை, அஸ்தமனத்துக்கு மேல் ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரம் கழித்து, இரவு ஒன்பது மணியை ஒட்டிச் சந்திரோதயம். அது தெரியாமல் ஏழரை மணி முதல் மாடிக்கும் அடுப்படிக்குமாக ஏறி இறங்கி, எதிர்வீட்டுக் கட்டடம் மறைக்கிறதோ, மேகம் மறைக்கிறதோ என்று தவித்து, கடைசியில் களைத்துப்போய் உட்காருகிறவர்கள் எத்தனையோ பேர். ரமலான் பிறையை எதிர்நோக்கி மேற்குத் திசையில் கண் வைத்திருக்கும் இஸ்லாமியப் பெருமக்களுக்கும் அன்று சூரியன் அடங்கி எத்தனை நிமிஷம் கழித்துச் சந்திரன் அடங்குகிறது என்பதே முக்கியமான விஷயம். அந்த இடைவெளி அரைமணிக்குக் குறைவானால் கூரிய கண்ணுக்கும் பிறை அகப்படுவது அரிது.

சந்திரனைக் கொண்டே வாரத்தை நடத்திப் பார்த்த அரசாங்கமும் நம் அண்டையில் உண்டு. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமிகள் ஆகிய போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. இருபத்தொன்பதரை நாளை நான்காகப் பகுத்தால் ஏழு சரியாக வராது. ஆகவே சில வாரங்கள் நீண்டன, உலக வியாபாரத்தோடு ஒத்துப்போவது சங்கடமாயிற்று, ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றும் அங்கே விடுமுறை நாள்.

2 நாழிகை என்பது சராசரியே என்பதையும் சொல்ல வேண்டும். சந்திரன் செல்லும் பாதை நீள்வட்டமானது. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், அகலும்போது தயங்கியும் செல்கிறது. அப்பாதை சூரியனுடைய பாதைக்கு 5 பாகை சாய்ந்தும் கிடக்கிறது. ஆதலால் ஒரு திதி 20 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணிக்கு மேல் நீள்வதும் உண்டு. உதயமும் ஒரு நாள் 45 நிமிஷமும் வேறொரு நாள் 55 நிமிஷமுமாகத் தள்ளிப் போகும். ஐரோப்பாவின் வடபகுதியில் புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் இத்தாமதம் 20 நிமிஷத்துக்கும் குறைந்துவிடுகிறது; பூமத்திய ரேகைக்கு அணித்தாக வாழும் நமக்கு அத்தகைய ஏறுமாறுகள் இல்லை. நாழிகைக் கணக்கு நம்முடைய வானத்துக்கு மிகவும் இசைந்த கணக்கு.

இதைக் காட்டிலும் நுட்பமான கணக்கையும் மனத்திலேயே போட்டவர்கள் இங்கே இருந்தார்கள். பிரிட்டிஷ் படையில் அதிகாரியாயிருந்த ஜான் வாரன் 1825-ல் வெளியிட்ட 'காலசங்கலிதம்' என்ற நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவ்வாண்டு மே 31 இரவு நிகழ்ந்த கிரகணத்துக்கு அம்முறையில் வந்த விடை, தொடக்கத்தில் 4 நிமிஷமும், மத்தியில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் மட்டுமே பிசகியது. வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. அத்தனை நாட்களில் சந்திரன் பூமியை நெருங்கி விலகும் சுற்று 9 முறை நிறைவேறுகிறது என்ற உண்மையின்மேல் கட்டப்பட்டவை. காகிதமில்லாமல் இதைச் சாதித்த மூளையை நினைத்தால் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. அந்த 52 நிமிஷத்தையும் நான் மறக்க விரும்பவில்லை. எவ்வளவு சிறந்த வாக்கியமானாலும், அவ்வப்போது வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாவிட்டால் சிறிது சிறிதாக விலகிப் போகும். இன்று அந்தப் பழைய வாக்கியங்களை ஒட்டிய வாக்கியப் பஞ்சாங்கமும் திருத்திய கணக்கைக் கொண்ட திருக்கணிதமும் திதியில் சில மணி நேரம் வேறுபடுவதும், விரதம் இன்றா நாளையா என்று ஒரே தெருவில் இரு கட்சி உண்டாவதும் அதனாலேதான். இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் தலைக்கு மேலே இருக்கிறது. அதைப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அந்தப் பழக்கம் சிறு வயதில் வர வேண்டும். நிலா இரவில்தான் வரும் என்று நம்புகிற பிள்ளைகளை நம் வகுப்புகளில் ஏராளமாகக் காணலாம். தேய்பிறைப் பஞ்சமி, சஷ்டி நாட்களில் காலை எட்டு மணிக்கு அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, மேற்கு வானத்தில் வெளுத்த மேகத் துணுக்கு மாதிரி, ஓரம் தேய்ந்த சந்திரன் நின்றுகொண்டிருக்கிறது. விரல் நீட்டிக் காட்டுவார் இல்லாமையால் அவர்கள் குனிந்த தலையோடு போய்விடுகிறார்கள். மூன்றாம் பிறையன்று தொடங்கி, தினமும் மாலை ஆறரை மணிக்கு, வீட்டு மாடியிலோ தெருமுனையிலோ ஒரே இடத்தில் நின்று, நிலா எந்த மரத்துக்கு மேல், எந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் வரைந்து வரச் செய்தால் போதும். கையை முழுதும் நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நட்சத்திரங்களுக்கிடையே சந்திரன் ஒரு நாளில் நகரும் தூரம் சுமார் 13 பாகை. ஆகவே முஷ்டியை வைத்து அளந்தே, நேற்று இருந்த இடத்திலிருந்து அது கிழக்கே எவ்வளவு சென்றிருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கண்டுகொள்ளும். பௌர்ணமிக்குப் பிறகு நோட்டு மாலையிலிருந்து காலைக்கு மாறட்டும். மார்கழிப் பௌர்ணமி நிலா நள்ளிரவில் உச்சிக்கு வடக்கே சாய்ந்தும், ஆனிப் பௌர்ணமி நிலா தெற்கே சாய்ந்தும் செல்வதையும், திருக்கார்த்திகை இரவில் அது கார்த்திகைக் கூட்டத்தை அணுகி நிற்பதையும் ஆசிரியர் காட்டிக்கொடுத்தால், ஆகாயத்தைப் பற்றிய பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அச்சிடுவதில் சிரமம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொல்கத்தாவிலுள்ள மத்திய அரசின் வானியல் கணித மையம் ஆண்டுதோறும் இவ்விவரங்களை வெளியிடுகிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 13 நிமிஷம். சூரியோதயத்தைப் போலவே அந்தந்தப் பதிப்புக்கு உரிய ஊரைக் கணக்கில் கொண்டால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே ஜாக்கிரதை வேண்டும். தேய்பிறை அட்டமியை ஒட்டி மாதத்தில் ஒரு தேதிக்குச் சந்திரோதயமே இராது. முதல் நாள் இரவு 11 மணி 40 நிமிஷத்துக்கு உதித்த நிலா, அடுத்த உதயத்துக்குள் நள்ளிரவைத் தாண்டிவிடுவதால், நடுவிலுள்ள தேதி வெறுமையாய் நிற்கும். வளர்பிறை அட்டமியை ஒட்டி அஸ்தமனத்துக்கும் அப்படியே. அன்று அந்த இடத்தைக் காலியாக விடாமல், 'இன்று உதயம் இல்லை' என்றே அச்சிட வேண்டும். ஏன் இல்லை என்று கேட்டு மறுநாள் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆசிரியர்களும் தயாராயிருக்க வேண்டும்.