அறியாமை யார் குற்றம்?

"விவரம் அறியாதவர் வாக்களிப்பதால்தான் மக்களாட்சி சீரழிகிறது, கற்றவருக்கே வாக்குரிமை என்று விதித்தால் நாடு செழிக்கும்" எனத் தேர்தல்தோறும் நம்மிற் சிலர் பேசக் கேட்கிறோம். பிரிஞ்சாங் மலைச்சாரலில் கொழுந்து கிள்ளிய கைகளின் வழிவந்த நாம் இக்கூற்றை ஏற்கலாமா? ஒருபோதும் ஆகாது.

இவ்வாதம் புதியதன்று. ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், கற்றவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் அளிக்கலாம் என 1861இல் எழுதினார். அவர் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருக்கும்? அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அக்கோல் வெள்ளையர் கையில் இருந்தது. எழுத்தறிவுத் தேர்வு என்னும் பெயரால் கறுப்பின மக்கள் வாக்குரிமை இழந்தனர். 1965ஆம் ஆண்டுச் சட்டமே அக்கொடுமைக்குத் தடையிட்டது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம்மைப் போன்றே தேயிலையை நம்பி வாழ்ந்த இலங்கை மலையகத் தமிழரை நோக்குங்கள். லயத்து அறைகளில் வாழ்ந்த அம்மக்களுள் எழுத்தறியாதார் பலர். ஆயினும் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைப் பல இடங்களில் வெல்லச் செய்தனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் அவர்களுள் மிகப் பலரின் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவர்கள் அறியாது வாக்களித்ததாலா பறித்தனர்? தம் நலம் அறிந்து வாக்களித்ததாலன்றோ!

நம் தொகுதிக்கு வருவோம். 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் வெற்றி 597 வாக்குகளில் அமைந்தது. ஓராங் அஸ்லி வாக்காளர்க்குப் பணம் கொடுக்கப்பட்டதெனக் கண்ட தேர்தல் நீதிமன்றம், அதே ஆண்டு நவம்பரில் அம்முடிவு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. "காட்டில் வாழ்வோர்க்கு என்ன தெரியும்?" என ஏளனம் செய்வது எளிது. ஆனால், கொடுத்தவரை விட்டு வாங்கிய ஏழையை ஏசுவது எவ்வகை நீதி? 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அச்சமூகத்தைச் சேர்ந்த ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்வுபெற்ற முதல் ஓராங் அஸ்லி ஆனார். வாக்குரிமையைப் பறித்திருந்தால் இது நிகழ்ந்திருக்குமா?

அறியாமை தீங்கே; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், நோயைப் போக்க மருந்து தேட வேண்டுமேயன்றி நோயாளியை ஊரைவிட்டு விரட்டுதல் தகாது. 2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். இன்று நம் முன் அமர்ந்திருக்கும் மாணவரே நாளைய வாக்காளர்! நாடாளுமன்ற உறுப்பினர் கடமை யாது, சட்டமன்ற உறுப்பினர் கடமை யாது, பெறும் அன்பளிப்பின் விலை யாது என்பவற்றை அவர்க்கு விளக்கியிருக்கிறோமா?

ஆசிரியப் பெருமக்களே! கற்பிக்காமல் விட்டவர் நாம். கல்லாதவரைப் பழிப்பவரும் நாமே என்றால், மக்களாட்சிக்குக் கேடு செய்வோர் யார்?