கட்டு போன மரம்

ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம் 'கட்டுமரம்'தான் என்று சொல்லி மேடையில் கைதட்டல் வாங்காத தமிழறிஞர் குறைவு. இப்போது இலக்கியக் கட்டுரைகளுக்கும் இந்த வியாதி தொற்றியிருக்கிறது. சொற்பிறப்பு சரிதான். டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தில் மிதக்கிறது. என் தகராறு அந்தக் கைதட்டலோடு.

கட்டுமரம் வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டும் மரம். இலக்கணம் இங்கே காலத்தை மறைத்து வைத்திருப்பது அலங்காரத்துக்கல்ல. கரையேறியதும் மீனவர்கள் கட்டை அவிழ்த்து மரங்களை உலரப் போடுவார்கள். கடலுக்குப் போகையில் மறுபடி கட்டுவார்கள். கட்டி முடிந்துவிட்ட பொருளின் பெயரல்ல அது. ஒரு தொழிலின் முக்காலமும் அதில் இருக்கிறது.

ஆங்கிலம் ஓசையை எடுத்துக்கொண்டு வினையை விட்டுவிட்டது. 1804-ல் பிரெஞ்சுக் கப்பல்கள்மேல் ஏவிய வெடிமிதவைக்கும் இதே பெயர். சண்டைக்காரிக்கும் இதே பெயர். 1876-ல் அமெரிக்கர் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைக் கட்டினார். பசிபிக் தீவுக்காரர்களுக்குப் பழக்கமான அந்த அமைப்புக்கு நம் பெயர் நிலைத்தது. பின்னால் மூன்று உடல் படகு வந்தபோது சொல்லை நடுவில் வெட்டி 'ட்ரைமரான்' என்றார்கள். மரம் விகுதியாயிற்று. கட்டு கடலோடு போயிற்று.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? கடன் கொடுத்தோம் என்கிறார்கள். வங்கி குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: கேட்டுக் கொடுத்தால்தான் கடன். இங்கே மனுவும் இல்லை, கையொப்பமும் இல்லை.

நான் வேலை பார்க்கும் திருப்பாலைவனத்துக்குப் பக்கத்தில்தான் பழவேற்காட்டுக் குப்பங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுக ஃபைபர் படகுகள் பெருகின. அதில் கட்டவோ அவிழ்க்கவோ ஒன்றுமில்லை. மீனவர்களைக் குறை சொல்ல நான் யார்? சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புகிறார்கள். ஆனால் மரம் கட்டத் தெரிந்த கைகளுக்கு வயதாகிறது. அந்தக் கைகளோடு சொற்களும் போகும்.

ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலில் தென்கரைப் பரதவர் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். சொல்லாராய்ச்சி செய்து அல்ல, அந்த வாழ்க்கையை எழுதி. இந்த வடகரைக்கு யார் இருக்கிறார்கள்? லண்டன் அகராதியில் நம் சொல் ஏறிய வரலாற்றை ஒப்பிக்கிறவர்கள், பழவேற்காட்டு முடிச்சு ஒன்றின் பெயரை முதலில் சொல்லட்டும். பிறகு நானும் கைதட்டுகிறேன்.