பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்படுவோர்

தாதருக்குத் தெற்கே பரேலில் கே.இ.எம். மருத்துவமனை, வடக்கே சயானில் லோகமான்ய திலகர் மருத்துவமனை. இரண்டும் மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமானவை. தாராவி, மாட்டுங்கா பகுதிகளின் தமிழ்த் தொழிலாளர்கள் நோயென்றால் நாடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முதன்முதலில் முயன்று பார்க்கப்பட்டதே 1965இல் கே.இ.எம்.மில்தான். வெற்றி 1971இல் வேலூரில் கிடைத்தது. ஆக, இத்துறையைத் தொடங்கி வைத்தவை பெருநிறுவன மருத்துவமனைகள் அல்ல.

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துகளை வழங்கத் தொடங்கிய பின், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் நீண்ட காலம் உயிர் வாழ்கின்றனர். அதனாலேயே புதிய கேள்வி எழுகிறது. கிருமியும், டெனோஃபோவிர் போன்ற மருந்தும், வயதோடு சேரும் சர்க்கரை, இரத்த அழுத்தமும் சிலரது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன. அவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்குமா?

மருத்துவம் இதற்கு விடை சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 150 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர்களில் சுமார் 88 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். உடல் புதிய உறுப்பை நிராகரிப்பது மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மையே. ஆயினும் அது சமாளிக்கக்கூடியதாகவே இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அரசு மருத்துவமனை இன்னும் ஒருபடி மேலே சென்றது. தொற்றுடன் இறந்தோரின் சிறுநீரகங்களையே தொற்றுள்ளோருக்கு 2008 முதல் பொருத்திக் காட்டியது. பழைய எச்.ஐ.வி. மருந்துகள் சில, உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளோடு மோதின. இன்று அரசுத் திட்டத்திலேயே வழங்கப்படும் டோலுடெக்ராவிரில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

பிறகு தடை எங்கே? மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பைப் பெறும் பட்டியலில் நோயாளி தானாகப் பெயர் பதிய முடியாது. பதிவு பெற்ற மருத்துவமனைதான் சேர்க்க வேண்டும். 'எங்களிடம் அந்த வசதி இல்லை' என்ற ஒற்றை வாய்மொழியோடு ஒருவரைத் திருப்பியனுப்பினால் போதும். அவர் பட்டியலில் இல்லை. மறுக்கப்பட்டவர் கணக்கிலும் இல்லை. பணமுள்ளவர் வேறு மருத்துவமனைக்குச் செல்வார். தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி எங்கே செல்வார்? டயாலிசிஸ் படுக்கைக்கும் இதே கதைதான். எச்.ஐ.வி. நோயாளிக்குத் தனி இயந்திரம் தேவையில்லை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை. இருந்தும் 'தனி இயந்திரம் இல்லை' என்பது வசதியான சாக்காகிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதை அது தடை செய்கிறது. முறையீடுகளை விசாரிக்க ஒவ்வொரு மாநிலமும் குறைதீர் அதிகாரியை நியமித்தாக வேண்டும். மும்பைக்கு இதில் முந்தைய வரலாறும் உண்டு: எச்.ஐ.வி. இருப்பதாகக் கூறித் தற்காலிகத் தொழிலாளி ஒருவரை வேலையிலிருந்து விலக்கிய பொதுத்துறை நிறுவனத்துக்கு எதிராக, பம்பாய் உயர் நீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்தது. அந்தத் தொழிலாளி தன் பெயரை மறைத்தே வழக்காட வேண்டியிருந்தது. பெயர் வெளிப்படுமோ என்ற அந்த அச்சம்தான் இன்றும் முறையீடுகளைத் தடுக்கிறது.

எனவே முறையீட்டின் சுமையை நோயாளியின் தோளில் ஏற்றக்கூடாது. சிகிச்சை மறுக்கும் மருத்துவமனை காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் கட்சிக் கிளைகளும் மாநகராட்சியை வலியுறுத்த வேண்டும். ஏ.ஆர்.டி. மையங்களிலிருந்து சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர், காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை, எவர் பெயரும் இன்றி, ஆண்டுதோறும் வெளியிடக் கோர வேண்டும்.