மலிவான மடிக்கணினி எது?

தையற்பொறி ஒன்று வாங்குமுன் அயலிலுள்ள நாலு வீட்டாரை விசாரித்து, ஒரு துண்டுத் துணியைத் தைத்தும் பார்த்து, அதன் பின்னரே விலை பேசுவது நம் குடும்பங்களின் வழக்கம். துவிச்சக்கர வண்டிக்கும் அவ்வாறே. அத்துணை அவதானமுள்ள குடும்பங்கள், மடிக்கணினி வாங்கும்போது மாத்திரம் கடைக்காரர் கூறுவதையே வேதவாக்காகக் கொண்டு திரும்புகின்றன. காரணம் யாதெனின், அப்பொறியின் உள்ளே இருப்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள பெயர்களோ நமக்குப் பழக்கமற்றவை.

ஆயினும், இக்காலத்தில் அதனைத் தவிர்ப்பது பலர்க்கு இயலாதாயிற்று. கணக்காய்வாளர் கந்தோரிலோ சிறு வர்த்தக நிலையத்திலோ வேலைக்குச் சேரும் பிள்ளையைச் சொந்த மடிக்கணினியுடன் வருமாறு கேட்கும் இடங்கள் உள. மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் வர ஒரு மாதம் செல்லும். கணினியோ முதல் நாளே வேண்டும். அத்தகைய வீட்டிற் பணம் எங்கிருந்து வரும்? தாயின் காப்பு ஈட்டுக்குப் போகும். அன்றேல் தவணைக் கட்டணத்திற் கையொப்பம் வைக்க நேரும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. பின்னர் ஓரளவு இறங்கியதாயினும் பழைய நிலைக்கு மீளவில்லை. கடல் கடந்து வரும் பொருளாகிய மடிக்கணினியின் விலை ஏறியதற்கு இதுவே முதற் காரணம். ஆகவே, அரிதிற் சேர்த்த பணத்தை எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாகாது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் வேலையை அளந்து கொள்ளுங்கள்

கந்தோர் வேலை என்பது யாது? கடிதம் எழுதுதல், விரிதாளிற் கணக்குப் பதிதல், மின்னஞ்சல் பார்த்தல், இணையத்திற் பத்துப் பன்னிரண்டு பக்கங்களை ஒருங்கே திறந்து வைத்தல், இடையிடையே காணொளி மூலம் கூட்டத்திற் கலந்துகொள்ளுதல், பெரும்பாலும் இவ்வளவே. திரைப்படம் வெட்டித் தொகுப்போருக்கும், பெரிய விளையாட்டுகளை ஆடுவோருக்கும், கட்டட வரைபடம் கீறுவோருக்கும் வேண்டிய ஆற்றல் இங்கே வேண்டியதில்லை. அவ்வாற்றலுக்குக் கொடுக்கும் பணம், ஒருவர் மட்டும் ஏறிச் செல்வதற்குப் பார ஊர்தி வாங்குவதை ஒக்கும்.

கணினியின் உள்ளே உள்ள மூன்று உறுப்புகளை அறிந்து கொண்டாற் போதும். செயலி என்பது வேலை செய்யும் எழுதுவினைஞர். 'ரம்' எனப்படும் நினைவகம் அவர் முன்னுள்ள மேசை. கோப்புகளைச் சேமிக்கும் வட்டு அவர் பின்னால் நிற்கும் அலமாரி. எழுதுவினைஞர் எத்துணைக் கெட்டிக்காரராயினும், மேசை சிறிதாயின் ஒரு கோப்பை எடுத்து வைத்துத்தான் மற்றதை விரிக்க இயலும். அலமாரியின் கதவு இறுகிக் கிடப்பின் ஒவ்வொரு கோப்புக்கும் காத்திருக்க வேண்டும். கந்தோர் வேலையிற் செயலி பெரும்பொழுது சும்மாவே இருக்கின்றது. நம்மைக் காக்க வைப்பன மேசையும் அலமாரியுமே. கடைகளிலோ செயலியின் பெயரே பெரிதாகப் பேசப்படுகின்றது.

எனவே, பணம் முதலிற் செல்லவேண்டிய இடங்கள் அவ்விரண்டுமாம். நினைவகம் 8 ஜிகாபைட்டுக்குக் குறையலாகாது. ஐந்தாண்டு வைத்திருக்க எண்ணுவோர் 16 கொள்வது நன்று. அலமாரி, சுழலும் வன்தட்டாக இராமல் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டாக இருத்தல் வேண்டும். அதன் அளவு 256 ஜிகாபைட் போதும். சுழலும் தட்டு, சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு விநாடியில் நூறு முறையளவிலேயே தேடி எடுக்க வல்லது. திண்மநிலை வட்டு ஆயிரக்கணக்கான முறை எடுக்கும். பழைய பொறியாயினும் இவ்வட்டை மாற்றியவுடன் புதிது போல் ஓடுவது இதனாலேயே.

பெயரை அன்று, எண்ணைப் படியுங்கள்

"தங்கச்சி, இது ஐ-7; ஐ-5ஐ விடப் பெரிது" என்று கடையிற் சொல்லக்கூடும். பெரிதென்பது எப்பொழுதும் உண்மையன்று. இன்டெல் செயலிகளில் அப்பெயருக்குப் பின்வரும் எண்ணின் முதல் இலக்கமே தலைமுறையைக் காட்டும்; பத்தாம் தலைமுறை தொட்டு முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 6600யூ என்பது ஆறாம் தலைமுறை. 8250யூ எட்டாம் தலைமுறை. 1235யூ பன்னிரண்டாம் தலைமுறை. 2015இல் வந்த ஐ-7 6600யூ இரண்டு கருக்களை உடையது. 2017இல் வந்த ஐ-5 8250யூ நான்கு கருக்களை உடையது. சின்னப் பெயருடையதே இங்கே வலியது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலிகளிலும் இத்தகைய கண்ணி ஒன்று உண்டு. 7000 வரிசையில் மூன்றாம் இலக்கமே உள்ளமைப்பின் வயதைக் கூறுவது. 7520யூ என்பதன் உள்ளமைப்பு 2019இல் அறிமுகமான வகையைச் சேர்ந்தது. 7530யூ அதற்கு அடுத்த தலைமுறையது. முன்னதில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டே வருவதால் பின்னர் கூட்டிக்கொள்ளவும் இயலாது.

தலைமுறை எண்ணை அறிவது வெறும் வேகத்திற்காக மாத்திரம் அன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10இற்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பொறிகள் மிகக் குறைந்த விலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். குறுக்கு வழியிலே விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுப்பாரும் உளர். அத்தகைய பொறிக்கு இனிவரும் திருத்தங்கள் தடையின்றிக் கிடைக்குமென்ற உறுதி இல்லை. பிறருடைய கணக்குகளைக் கையாளும் பிள்ளையின் கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடையாதெனின், நட்டம் அவளோடு நில்லாது. அவள் வேலைசெய்யும் இடத்தையும் தொடும். லினக்ஸ் அறிந்தவர்க்கு மட்டும் அப்பழைய பொறிகள் இன்னும் பயன்படும்.

புதியதா, பாவித்ததா?

ஒரே அளவு பணத்திற்கு இரு வகைப் பொறிகள் கிடைக்கும். ஒன்று, பெட்டி பிரிக்காத மலிவுப் புதியது. மற்றது, வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆண்டு பாவித்து மாற்றிய உயர்தரப் பொறி. லெனோவோவின் திங்பாட், டெல்லின் லட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியன இவ்வகையின. கந்தோரில் நாள் முழுதும் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டமையால் விசைப்பலகையும் கீலும் உறுதியானவை. பல மாதிரிகளில் நினைவகத்தையும் வட்டையும் எளிதில் மாற்றலாம்.

மலிவுப் புதியவற்றுள் 4 ஜிகாபைட் நினைவகமும், 64 அல்லது 128 ஜிகாபைட் 'இ.எம்.எம்.சி.' சேமிப்பும் உடையன உள. இச்சேமிப்பு திண்மநிலை வட்டினும் மெதுவானது, பலகையோடு ஒட்டப்பட்டது, விண்டோஸின் திருத்தங்களுக்கே இடம் போதாமற் போகும். அதனைப் புதியதென்று வாங்குவதைக் காட்டிலும், எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பாவித்த பொறியை வாங்குவது மேல். பதினோராம், பன்னிரண்டாம் தலைமுறை கிடைப்பின் இன்னும் நன்று. 8 ஜிகாபைட்டும் திண்மநிலை வட்டும் உடைய புதிய பொறிக்குக் கையிற் பணம் போதுமாயின், உத்தரவாதத்தோடு வரும் அதனையே வாங்கலாம்.

மலிவென்பது கொடுத்த விலையில் மாத்திரம் இல்லை; உழைக்கும் ஆண்டுகளிலும் உண்டு. உதாரணத்திற்காக ஒரு கணக்குப் போடுவோம். 120,000 ரூபாவுக்கு வாங்கியது இரண்டாண்டிற் கைவிட்டால் ஆண்டுக்கு 60,000 ரூபா. 180,000 ரூபாவுக்கு வாங்கியது ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபா. ஈட்டு வட்டியையும் சேர்த்து எண்ணினால், முதலாவது குடும்பம் பழைய காப்பை மீட்குமுன்னரே அடுத்த கணினிக்குப் பணம் தேடும்.

கண்ணும் கையும் மின்சாரமும்

நாள் முழுதும் பார்ப்பது திரை, தொடுவது விசைப்பலகை. 1366க்கு 768 புள்ளி கொண்ட திரையை விட, 1920க்கு 1080 கொண்டது ஏறக்குறைய இரு மடங்கு புள்ளிகளைக் காட்டும். விரிதாளிற் பல வரிகளை ஒருங்கே காண்பதற்கு இது பேருதவி. பேருந்திற் சுமந்து செல்வோர்க்கு 14 அங்குலம் வசதி. எண்களையே பதிவோர்க்கு எண் விசைகள் தனியாக அமைந்த 15.6 அங்குலம் ஏற்றது.

2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்திலோம். ஆகையாற் பற்றரியைச் சிறிதெனக் கருதலாகாது. 45 வாற்று-மணி கொள்ளும் பற்றரி, 8 வாற்று செலவாகும் கந்தோர் வேலைக்கு ஐந்தரை மணித்தியாலத்திற்கு மேல் தாங்கும். தேய்ந்து 27 ஆகிவிட்டதெனின் மூன்றரை மணித்தியாலத்தை எட்டுவதும் அரிது. புதிதிற் கொண்ட அளவையும் இப்பொழுது கொள்ளும் அளவையும் பற்றரி அறிக்கையாக விண்டோஸே தரும். கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுப் பற்றரியின் விலையையும் அங்கேயே கேட்டு வையுங்கள்.

மென்பொருளும் தமிழும்

வேர்ட், எக்செல் ஆகியவற்றின் திருட்டுப் படியைக் கடையில் இலவசமாக ஏற்றித் தருவதுண்டு. அதனோடு நச்சுநிரலும் வந்து சேரக்கூடும். லிப்ரெஒபிஸ் என்னும் மென்பொருள் எவர்க்கும் இலவசம். வேர்ட், எக்செல் ஆகியவற்றின் எளிய வடிவங்களை இணையத்திலே இலவசமாகப் பாவிக்க மைக்ரோசொப்ட் நிறுவனமே இடமளிக்கின்றது. கந்தோரின் கோப்புகள் சிக்கலானவையாயின், எது தேவையென்று முதலில் அங்கே கேட்டறிக.

தமிழில் எழுதுவதற்குத் தனிக் கணினி வேண்டியதில்லை. யுனிகோட் முறையில் எல்லா விண்டோஸ் பொறியும் தமிழ் எழுதும். விசைகளின் மேல் தமிழெழுத்து அச்சிட்டிருக்க வேண்டுமென்பதும் இல்லை. பழகிய கைக்கு அது தேவைப்படாது. பாமினி எழுத்துருவிற் பழகியோர் யுனிகோட்டுக்கு மாறிக் கொள்வது நன்று; பாமினியில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

கடைக்குச் செல்லும் நாளில்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்று பல கடைகள் கூடியுள்ள இடமாயின், ஒரே நாளில் மூன்று கடைகளிலேனும் கேட்டுப் பாருங்கள். ஊரில் ஒரே கடைதான் எனின், கணினி பழகிய மாணவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொறியை இயக்கி, நினைவகத்தின் அளவையும் செயலியின் எண்ணையும் விண்டோஸின் விவரப் பக்கத்திலே நீங்களே வாசியுங்கள். ஒவ்வொரு விசையையும் ஒரு முறை அழுத்துங்கள். ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி, கம்பியில்லா இணைப்பு, யூ.எஸ்.பி. துளைகள் யாவற்றையும் சோதியுங்கள். பாவித்த பொறியாயின், முன்னைய நிறுவனத்தின் பூட்டோ கடவுச்சொல்லோ எஞ்சியிருக்கின்றதா என்று கேளுங்கள். அத்தகைய பூட்டுடைய பொறி என்றேனும் ஒருநாள் உங்களை வெளியே நிறுத்திவிடும்.

இறுதியாக, ஒரு சீட்டில் இவற்றை எழுதிச் செல்லுங்கள்: நினைவகம் 8, இயலுமாயின் 16, திண்மநிலை வட்டு 256, இன்டெலாயின் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமை, திரை 1920க்கு 1080, பற்றரியின் எஞ்சிய அளவு, உத்தரவாதம் எத்தனை மாதம். இவற்றுக்குக் கடைக்காரர் கூறும் விடைகளையும் பொறியின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதித் தர இசைபவரிடம் வாங்குங்கள். மறுப்பவரிடம் விலை எத்துணை குறைவாயினும் வாங்காதீர்கள்.